பேருந்து நிலையம் எங்கே இருக்கவேண்டும்? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பென்னாகரம் பக்கத்தில் ஒரு சிற்றூர் எனக்கு. வேலை பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில். வெள்ளி இரவு ஊருக்கு வந்து ஞாயிறு இரவு திரும்புகிறவன். தர்மபுரியில் இறங்கி நான்கு ரோட்டைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. பேருந்து நிலையத்தை நெடுஞ்சாலை ஓரத்துக்குக் கொண்டுபோய், ஊருக்குள் ஒரு மேம்பாலமும் கட்டிவிட்டால் நெரிசல் தீராதா? நகரத் திட்டமிடல், பொதுப் போக்குவரத்து என்று பேசுகிறவர்கள் எல்லாம் பெருநகரங்களை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். 70 ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு அதெல்லாம் எதற்கு? இப்போது எல்லோரிடமும் வண்டி இருக்கிறதே. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ர.

அன்புள்ள ர.,

மேம்பாலம் பற்றி என்னைக் கேட்கிறீர்கள். வாரம் ஐந்து நாள் நீங்கள் பார்ப்பதையே நானும் சொல்லவேண்டியிருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டி 1970களின் இறுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் தொடங்கியது. கம்பெனிகள் வந்தன, அடுக்குமாடிகள் வந்தன. இத்தனை பேர் எதில் ஏறி வந்து எதில் திரும்புவார்கள் என்ற கேள்வி மட்டும் வரவில்லை. ஓசூர் சாலை மூச்சுத் திணறியபோது, 2010இல் சுங்கம் வசூலிக்கும் உயர்மட்டச் சாலையைத் திறந்தார்கள். மேலே பறந்து வந்த கார்கள் கீழே இறங்கியதும் சில்க் போர்டு சந்திப்பில் வரிசையில் நின்றன. மெட்ரோவின் மஞ்சள் தடம் ஓடத் தொடங்கியது 2025 ஆகஸ்டில். பாலம் முதலில், ரயில் பதினைந்து ஆண்டு கழித்து. அதற்குள் கடன் வாங்கிக் கார் வாங்கியவர்கள், அதை விற்றுவிட்டா ரயில் ஏறப்போகிறார்கள்?

இனி பேருந்து நிலையம். காலை ஒன்பது மணிக்கு தர்மபுரி டவுன் பஸ் நிலையத்தில் சற்று நேரம் நின்று, இறங்குகிறவர்களை மட்டும் பாருங்கள். பாப்பாரப்பட்டி வண்டியிலிருந்து ஒரு பாட்டி இறங்குகிறார். கையில் மஞ்சள் பை. அதற்குள் மாத்திரைச் சீட்டும் மடித்த எக்ஸ்ரே உறையும். கண்டக்டர் கொடுத்த கட்டணமில்லா டிக்கெட்டை இன்னும் விரலிடுக்கில் வைத்திருக்கிறார். பின்னாலேயே சீருடைப் பெண் பிள்ளைகள், பூக்கூடைக்காரர், ஜவுளிக்கடை வேலைக்கு வரும் பெண்கள். இவர்களில் பெரும்பாலோர் போகவேண்டிய இடம் நடக்கிற தூரத்தில்தான். நிலையம் ஊர் நடுவில் இருப்பதால்தான் இவர்களுக்கு ஒரே வண்டியில் வேலை முடிகிறது.

அதைத் தூக்கி நெடுஞ்சாலையில் வைத்தால் அந்தப் பாட்டி என்ன செய்வார்? அரசுச் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணம் இல்லை. ஷேர் ஆட்டோவுக்கு உண்டு. அரசு ஒரு கையால் கொடுத்ததை, இடமாற்றம் மறு கையால் பிடுங்கிக்கொள்ளும். வெளியூர்ப் பேருந்துகள் ஊருக்குள் நுழையவேண்டாம் என்பது நியாயமான பேச்சு. பெங்களூரு, சேலம் வண்டிகளுக்கு வெளியே இடம் கொடுங்கள். ஆனால் டவுன் பஸ் ஊருக்குள்ளேயே இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே இடைவிடாமல் இணைப்பு வண்டி ஓடட்டும். அதுவும் திறப்பு விழா நாளிலிருந்தே ஓடவேண்டும். சென்னையில் கிளாம்பாக்கம் நிலையத்தை 2023 டிசம்பரில் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் தயாராக இருக்கவில்லை. நள்ளிரவில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கிய குடும்பங்கள் ஆட்டோக்காரர் சொன்ன தொகையைக் கொடுத்துப் போனதை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம்.

எல்லோரிடமும் வண்டி இருக்கிறது என்கிறீர்கள். வீட்டுக்கு ஒரு வண்டி இருக்கிறது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அதை காலையில் ஆண் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். மிச்சமிருக்கிற மனைவி, மகள், அம்மா மூவரும் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்கள். நம் மாவட்டத்தில் கல்லூரிப் படிப்பை நிறுத்திய பெண்களின் வீட்டில் கேட்டால், பீஸைவிட, திரும்பி வரும் வண்டியைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். சாயங்கால டிரிப் ‘கட்’ ஆனால் அடுத்தது இருட்டிய பிறகு. அப்பாவுக்கு அது பிடிக்காது. படிப்பு அங்கே முடிகிறது. முன்பு பல கிராமங்களில் நைட் ஹால்ட் வண்டி உண்டு. கடைசி டிரிப் வந்து கோயில் திடலில் நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்து, விடிகாலையில் பால்காரரையும் மார்க்கெட் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். கணக்குப் பார்த்தால் நட்டம்தான். ஆனால் அந்த ஊருக்கு மருத்துவமனையும் கல்லூரியும் சந்தையும் இருப்பதாக ஆக்கிவைத்திருந்தது அந்த வண்டிதான்.

சிறிய ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். ஸ்பெயினில் பொந்தேவேத்ரா என்று ஓர் ஊர். மக்கள்தொகை 80 ஆயிரத்தை ஒட்டி. ஏறக்குறைய தர்மபுரி, கிருஷ்ணகிரி அளவுதான். 1999இல் அங்கே மேயரான லோரெஸ் ஒரு மருத்துவர். ஊர் நடுவிலிருந்து கார்களை வெளியேற்றி, தெருக்களை நடப்பவர்களுக்குக் கொடுத்தார். பிறகு மெட்ரோ வரைபடம் போலவே ஒன்றை அச்சிட்டார்கள். அதில் ஒவ்வோர் இடத்துக்கும் நடக்க எத்தனை நிமிடம் என்று இருக்கும். ஊர் சிறியதாக இருந்ததுதான் அவர்களுடைய முதலீடு. நமக்கும் அது இருக்கிறது. இல்லாதது நடைபாதை. நான்கு ரோட்டில் உங்களை வதைக்கும் நெரிசலில் பாதி, ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு பைக் எடுக்கிறவர்களால் வருவது என்று நான் நினைக்கிறேன். சாக்கடை மூடியின் மேல் தாவித் தாவி நடக்க யாருக்குத்தான் மனம் வரும்?

ரயில் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் நேரோ கேஜ் எனும் அகலம் குறைந்த பாதையில் ரயில் ஓடியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இரண்டையும் நிறுத்தினார்கள். மொரப்பூர் பாதைக்கு மறுபடி அடிக்கல் நாட்டியது 2019இல். கிருஷ்ணகிரி இன்றும் ரயில் நிலையம் இல்லாத மாவட்டத் தலைநகர். ஐந்து திசைக்கும் நெடுஞ்சாலை பிரியும் ஊர் என்பதால் அதன் குறை வெளியே தெரிவதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஊர் எப்படி வளரவேண்டும் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவை வெளியிட்டு, மக்களின் ஆட்சேபனைகளைக் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்கும்போது பெரும்பாலும் எழுதுகிறவர்கள் மனை வைத்திருப்பவர்கள்தான். குடியிருப்பு, வணிகம், விவசாயம் என்று பிரிக்கும் வரைபடத்தில் தங்கள் சர்வே எண் எந்த வண்ணத்தில் வருகிறது என்பதே அவர்கள் கவலை. நீங்கள் பஸ் பற்றி எழுதுங்கள். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால், திங்கட்கிழமை ஒருநாள் விடுப்பெடுத்து, நிறுத்தப்பட்ட டிரிப்புகளின் பட்டியலோடு குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். ஆட்சியர் அலுவலகம் ஊருக்கு வெளியே சேலம் சாலையில் இருக்கிறது. பைக்கை வீட்டில் விட்டுவிட்டு, பென்னாகரத்திலிருந்து பஸ்ஸிலேயே போய்ப் பாருங்கள். மனுவில் சேர்க்க இன்னும் இரண்டு பத்தி கிடைக்கும்.