அம்மாவுக்குத் தைத்த பூப்பை தொழிலாகுமா?

கேள்வி: மல்லிகை மொட்டுப் பறிக்கும் என் அம்மாவுக்கு மடிப்பாரத்தால் இடுப்புவலி வந்ததால், பாரத்தை இரு தோள்களிலும் தாங்கும் பை ஒன்றை நானே வடிவமைத்துத் தைத்தேன். ஊரில் பலரும் கேட்கிறார்கள். யூடியூபில் காட்டி விற்கலாமா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: அவசியம் விற்கலாம், ஆனால் காப்புரிமை (பேடன்ட்) கோரும் எண்ணம் இருந்தால் காணொளியையும் விற்பனையையும் சற்றுத் தள்ளிப் போடுங்கள். விண்ணப்பிக்கும் முன்பே பொதுவில் வெளியானது பொதுவாகப் புதுமையை இழந்துவிடும். சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்புடன் (கண்டுபிடிப்பைப் பற்றிய முதற்கட்ட விளக்கம்) விண்ணப்பித்துவிட்டு, முழு விவரக்குறிப்பை 12 மாதங்களுக்குள் தரலாம். தோற்றம் மட்டுமே புதிதென்றால் வடிவமைப்புப் பதிவே பொருத்தம்.

அதன்பின், தைப்பதைவிடக் கேட்பதில் அதிக நேரம் செலவிடுங்கள். உங்கள் அம்மாவின் தோளுக்கு அளவெடுத்த பை குட்டையான பெண்ணுக்குத் தொடையில் இடிக்கும். பனியில் நனைந்த துணி மொட்டைக் கசக்கினால் சந்தையில் விலை போகாது. வலி அம்மாவுடையது என்பதால் குறைகளை நீங்கள் எளிதில் மன்னித்துவிடுவீர்கள், காசு கொடுப்பவர் மன்னிக்கமாட்டார். வாங்குவோர் கூலித் தொழிலாளர்களா, தோட்டக்காரர்களா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள், விலை அதைப் பொறுத்ததே. கடனுதவித் திட்டங்களுக்கு மதுரை மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது.