பைண்டரோடு டாக்டரிடம் போவது

தம்பி, ரெண்டு வாரமாக இருமல், மூச்சை இழுத்தால் விலாவில் வலி, மார்பைத் தட்டையாகக் காட்டப் போடும் இறுக்கமான உடுப்பான பைண்டரைப் பார்த்து டாக்டர் என்ன சொல்வாரோ என்று போகாமல் இருப்பதாக எழுதியிருக்கிறாய். நானும் திருநம்பிதான், அந்தப் பயம் தெரியும், ஆனாலும் நாளைக்கே போ.

பட்டன் வைத்த தொளதொள சட்டை போட்டுக்கொள். எக்ஸ்ரேவுக்குப் பைண்டரைக் கழற்ற வேண்டியிருக்கும், மாற்றிக்கொள்ளப் பையில் ஒரு பனியன் இருக்கட்டும். உட்கார்ந்ததுமே "நான் திருநம்பி, மார்பை இறுக்கும் உடுப்பு போடுகிறேன், தினம் இத்தனை மணி நேரம்" என்று நீயே சொல்லிவிடு, மறைத்தால் வலி எதனால் என்று அவருக்குப் பிடிபடாது. ரெண்டு வாரத்து இருமல் என்பதால் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கும் சளிப் பரிசோதனையும் கேள், அரசு மருத்துவமனையில் இலவசம். அப்புறம், திருநர் என்பதற்காகச் சிகிச்சை மறுப்பதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இருமல் நிற்கும்வரை பைண்டர் வேண்டாம், தூங்கும்போது என்றைக்குமே வேண்டாம்.