ஜிம்மி ஏன் தரையை மோந்துகொண்டே நின்றது?

கேள்வி: நாங்கள் செந்தூலில் வசிக்கிறோம். எங்கள் ஜிம்மி, தெருவில் கண்டெடுத்து வளர்த்த கலப்பின நாய்; வயது 3. என் 16 வயது மகள் எட்டு மாதங்களாக அதற்கு அஜிலிட்டி (நாய் தடைகளைத் தாண்டி ஓடும் விளையாட்டு) பயிற்சி கொடுத்து வருகிறாள். பயிற்சித் திடலில் ஒரு தடையைக்கூடத் தவறவிடாத ஜிம்மி, சென்ற மாதம் வார இறுதியில் நடந்த முதல் போட்டியில் சீசா பலகை (நடுவில் தாங்கி வைத்து, ஏறினால் மறுமுனை சாயும் பலகை) ‘டம்’ என்று தரையில் மோதியதும் குதித்து இறங்கிவிட்டது. அதன் பிறகு அவள் எத்தனை முறை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமல் தரையை மோந்துகொண்டே இருந்தது. நடுவர் தகுதி நீக்கம் செய்துவிட்டார். மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள், இரண்டு தட்டு தட்டினால் சரியாகிவிடும்” என்கிறார் என் கணவர். அடுத்த போட்டி ஆறு வாரத்தில் வருகிறது. பெயர் கொடுக்கலாமா? (ஒரு தாய், கோலாலம்பூர்)

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, ஜிம்மி தரையை மோந்துகொண்டே இருந்தது என்பதுதான். போட்டிக் களத்தின் நடுவில் நின்று இப்படி மோப்பம் பிடிக்கும் நாய் பெரும்பாலும் பிடிவாதம் பிடிப்பதில்லை. பதற்றம் தாங்காமல், தனக்குத் தெரிந்த ஒரு வேலையில் மூக்கை நுழைத்துத் தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளப் பார்க்கிறது. பயந்துபோன பிள்ளை பெரியவர்களின் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நிற்பதைப் போன்றதுதான் இது. அந்த நேரத்தில் மகளின் குரல் உயர உயர, அவள் முன்னால் குனிந்து குனிந்து அழைக்க அழைக்க, களத்தில் ஏதோ ஆபத்து இருக்கிறது என்ற அதன் எண்ணம் உறுதிப்பட்டிருக்கும். ஆகவே உங்கள் கணவரிடம் பணிவோடு சொல்லுங்கள்: அடித்தால் நாய் சீசாவுக்கு மட்டுமல்லாமல் உங்கள் மகளுக்கும் சேர்த்துப் பயப்படத் தொடங்கும். போட்டி நடக்கும் இடத்தில் நாயைக் கடுமையாக நடத்துபவரை வெளியேற்றவும் விதியில் இடமுண்டு.

சீசாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாய் ஏறும் தடைகளில் அதன் கால்களுக்குக் கீழே அசைவது இது ஒன்றுதான். எஃப்.சி.ஐ. என்ற அனைத்துலக நாய்கள் கூட்டமைப்பின் விதிப்படி மூன்றரை மீட்டருக்கும் அதிக நீளமுள்ள இந்தப் பலகையின் நடுப்பகுதி 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். பலகை தரையைத் தொடும் வரை நாய் அதன் மேலேயே இருந்து, கீழ்முனையில் வேறு நிறம் பூசிய பகுதியில் பாதம் பதித்து இறங்க வேண்டும். ஒவ்வொரு திடலிலும் பலகையின் எடையும், விழும் வேகமும், எழும் ஓசையும் சற்று மாறுபடும். எட்டு மாதம் ஒரே பலகையில் பழகிய நாய்க்கு வேறொரு பலகை முற்றிலும் புதிய பொருளே. என் வீட்டில் வளர்ந்த நாய் ஒன்று இப்படிச் சறுக்கியபோது, பயம் தெளியட்டும் என்று நான் அதை உடனே மறுபடி பலகையில் ஏற்றினேன். அடுத்த பல மாதங்களுக்கு அது வாசல் கால்வாயின் மேல் போட்டிருந்த மரப்பலகையைக்கூடக் கடக்க மறுத்தது. அந்தத் தவறு உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, ஜிம்மியின் மூட்டிலோ பாதத்திலோ வலி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு பலகை இறங்கும் முனைக்கு அடியில் பழைய மெத்தையை மடித்து வைத்து, அது ஓசையில்லாமல் நாலைந்து விரற்கடை மட்டும் இறங்கும்படி செய்யுங்கள். நாய் தானாக முனை வரை நடந்து போய் நின்றால் அங்கேயே தின்பண்டம் கிடைக்க வேண்டும். கயிற்றால் இழுக்கவோ தூக்கி வைக்கவோ வேண்டாம். ஓசையைத் தனியாகப் பழக்குங்கள்: நாய் தரையில் நின்றபடி முன்காலால் பலகையைத் தட்டி, அந்தச் சத்தத்தைத் தானே உண்டாக்கிப் பரிசு பெறட்டும். சத்தம் எழுப்புவது தான்தான் என்று புரிந்துவிட்டால் பாதி அச்சம் போய்விடும். நாய் வாலைத் தளர்வாக ஆட்டிக்கொண்டு தானே ஓடி வந்து ஏறும் நாள் வந்த பிறகுதான் மெத்தையின் உயரத்தைச் சிறிது குறைக்க வேண்டும். இதற்கு ஆறு வாரம் போதாமலும் போகலாம்.

அப்படியானால் போட்டிக்குப் பெயர் கொடுப்பதா, வேண்டாமா? கொடுங்கள், ஆனால் ஜம்பிங் பிரிவுக்கு மட்டும். இந்தப் பிரிவில் தாண்டு கம்பிகள், சுரங்கக் குழாய், வளைந்து வளைந்து நுழைந்து போக வேண்டிய 12 கம்பங்கள் போன்றவைதான் இருக்கும். சீசாவோ, கூரைபோல் இருபுறமும் சரிந்த ஏ-ஃபிரேமோ, உயர்நடைப் பலகையோ இருக்காது. அந்தப் போட்டியில் இப்பிரிவு உண்டா, கலப்பின நாய்களைச் சேர்த்துக்கொள்கிறார்களா என்பதை நுழைவுப் படிவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இம்முறை பார்வையாளர்களாக மட்டும் போய், களத்திலிருந்து தள்ளி, ஒலிபெருக்கியும் மற்ற நாய்களின் குரைப்பும் கேட்கும் தூரத்தில் ஜிம்மியோடு ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள். அதுவும் பயிற்சிதான், என்னைக் கேட்டால் இந்த மாதத்துக்கு அதுதான் சிறந்த பயிற்சி என்பேன்.

மகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நாய் இல்லாமல் பாதையை நடந்து பார்க்கச் சில நிமிடங்கள் கொடுப்பார்கள். தடைகளின் எண்களை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல், எந்த இடத்தில் தன் தோள் திரும்ப வேண்டும், எங்கே தான் முந்திப் போய் நிற்க வேண்டும் என்பதையும் அவள் கால்களால் பழகிக்கொள்ளட்டும். வாய் சொல்வதைவிட உடல் திரும்பும் திசையைத்தான் நாய் முதலில் படிக்கிறது. பெயரைச் சொல்லி ஒரு முறை அழைத்தால் போதும்.

நம் ஊர் வெயிலை மறந்துவிட வேண்டாம். நாய் மூச்சிரைத்துத்தான் உடற்சூட்டை வெளியேற்றுகிறது. கோலாலம்பூரின் ஈரக் காற்றில் அது எளிதாக நடப்பதில்லை. நிழல், தண்ணீர், சிறு மின்விசிறி மூன்றும் உங்களோடு வரட்டும். நாய் தள்ளாடினாலோ எச்சில் கெட்டியாக ஒழுகினாலோ போட்டியை விட்டுவிட்டு, உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

களத்துக்குள் தின்பண்டம் கொண்டு போக அனுமதியில்லை என்பதால், ஓடி முடித்ததும் வெளியே வைத்திருக்கும் டப்பாவை நோக்கி இருவரும் சேர்ந்து ஓடுவதை வீட்டிலேயே இப்போதிருந்து பழக்குங்கள். ஜிம்மி மூன்று கம்பிகளை மட்டும் தாண்டிவிட்டு வெளியே வந்தாலும், அந்த டப்பா அன்று முழுதாகத் திறக்கட்டும்.