பேக்டு ரைஸ் ஏன் கட்டியாகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

காய்கறி, ஒயிட் சாஸ், சீஸ் சேர்த்து ஓ.டி.ஜி.யில் (மேலும் கீழும் கம்பி சூடாகும் சின்ன மின்சார ஓவன்) பேக்டு ரைஸ் செய்கிறேன். உள்ளே வைக்கும்போது தளதளவென்று இருக்கிறது. எடுத்தால் கத்தி வைத்து வெட்ட வேண்டிய கட்டியாகிவிடுகிறது. ஓரத்துச் சோறு பல்லை உடைக்கிறது. ஐந்து பேருக்கு அளவு சொல்லுங்கள்.
– வாசகி, ஈரோடு

நீங்கள் சோற்றைக் குழைய வேகவைத்துவிட்டு, சாஸையும் கெட்டியாகக் காய்ச்சுகிறீர்கள் என்று தோன்றுகிறது. சூட்டில் அரை மணி நேரம் இருக்கும் சோறு, சாஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் சோறு முக்கால் பதத்தில் இருக்க வேண்டும்; சாஸ், ‘இவ்வளவு நீர்த்திருக்கிறதே’ என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும்.

பாஸ்மதி 250 கிராம். அரை மணி நேரம் ஊறவைத்து, நிறையத் தண்ணீர் கொதிக்கவிட்டு உப்புப் போட்டு, 5 முதல் 6 நிமிடம் வேகவிடுங்கள். ஒரு பருக்கையை நசுக்கினால் நடுவில் சின்னதாக வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். அப்போதே வடித்துத் தட்டில் பரப்பி ஆவியை விடுங்கள். குக்கரில் வைத்த சோறு இதற்கு வேண்டாம். பாஸ்மதிதான் என்றும் இல்லை. பொன்னி புழுங்கலரிசி உருக்குலையாமல் நன்றாகவே நிற்கும், வேகும் நேரம்தான் கூடும். பொன்னி பச்சரிசி குழைந்துவிடும்.

கேரட், பீன்ஸ், பட்டாணி, சோளமுத்து எல்லாம் சேர்த்து 400 கிராம். அரைவேக்காட்டில் எடுத்து, இரண்டு வெங்காயம், ஆறு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாயுடன் வதக்குங்கள். காளான், குடைமிளகாய், கீரை சேர்த்தால் அவை விடும் தண்ணீர் சுண்டும் வரை அடுப்பிலேயே வதங்கட்டும். இல்லையென்றால் அந்தத் தண்ணீர் பாத்திரத்தின் அடியில் குளம் கட்டும்.

சாஸுக்கு 30 கிராம் வெண்ணெய், 30 கிராம் மைதா (தலைதட்டி நான்கு மேசைக்கரண்டி), 600 மி.லி. பால். சின்னத் தீயில் மைதாவை நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் வறுத்து, ஆறிய பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். முதல் அரை கப் பால்தான் முக்கியம். அது மைதாவோடு கூழாக இழைந்த பிறகே மீதியை ஊற்ற வேண்டும். ஒருமுறை கொதித்ததும் ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், துளி ஜாதிக்காய்த்தூள் போட்டு இறக்கிவிடுங்கள். சீஸிலேயே உப்பு இருப்பதால் அரைத் தேக்கரண்டி உப்பு போதும்.

20 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளம், 5 செ.மீ. உயரம் உள்ள பாத்திரத்தில் வெண்ணெய் தடவி, முதலில் ஒரு கரண்டி சாஸ், அதன்மேல் பாதிச் சோறு, காய்கறி, பாதி சாஸ், மீதிச் சோறு, மீதி சாஸ் என்று அடுக்குங்கள். கடைசிச் சாஸ் நான்கு ஓரத்தையும் மூட வேண்டும். பல்லைப் பதம்பார்ப்பது சாஸ் படாத ஓரச் சோறுதான். அலுமினியம் ஃபாயிலால் இறுக மூடி, 10 நிமிடம் முன்சூடு செய்த ஓ.டி.ஜி.யில் 180 டிகிரியில் 20 நிமிடம். பிறகு ஃபாயிலை எடுத்து, 100 கிராம் சீஸ் துருவிப் போட்டு, மேல் கம்பியை மட்டும் ஓடவிட்டு 200 டிகிரியில் 8 நிமிடம். எடுத்தவுடன் பரிமாறாமல் 10 நிமிடம் விட்டால் சாஸ் படியும்.

சீஸைப் பற்றி ஒரு வார்த்தை. மொசரெல்லா நூலாக இழுபடும், பொன்னிறமாகும். கட்டியாக விற்கும் பிராசஸ்டு சீஸ் வழவழவென்று உருகும், அவ்வளவு சிவக்காது. பனீர் உருகவே உருகாது. புளிப்பு விட்டுத் திரித்த பாலின் குணம் அது. சீஸை இரட்டிப்பாக்கினால் எண்ணெய்தான் மிதக்கும், ருசி கூடாது.

அரிசியைத் தனியாக வேகவைக்காமல், கோழியுடன் ஒரே பாத்திரத்தில் ஓவனில் வைக்கலாமா? ஒயிட் சாஸ் ஊற்றிச் செய்து பார்த்தேன், ஒரு மணி நேரமாகியும் அரிசி நறுக்கென்றே இருந்தது.
– வாசகர், திருச்சி

வைக்கலாம், ஆனால் சாஸில் அல்ல. மைதா ஏற்கெனவே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அரிசிக்கு ஈரம் போய்ச் சேராது. எலும்போடு ஆறு தொடைத்துண்டுகளை மசாலா தடவி, தோசைக்கல்லில் இரு பக்கமும் சிவக்க வாட்டிக்கொள்ளுங்கள். ஊறவைக்காத பாஸ்மதி இரண்டு கப், உப்பும் மசாலாவும் சேர்ந்த *கொதிக்கும்* சாறு மூன்றரைக் கப், மேலே கோழி. ஃபாயிலால் இறுக மூடி 190 டிகிரியில் 40 நிமிடம், பிறகு மூடியபடியே 10 நிமிடம். ஆறிய சாறு ஊற்றினால் பாத்திரம் சூடாவதற்கே பாதி நேரம் போய்விடும். தக்காளியையும் தயிரையும் அளவோடு போடுங்கள். புளிப்பு அதிகமானால் அரிசி வேகத் தாமதமாகும். எலும்பை ஒட்டிய இடத்தில் கீறிப் பார்த்துச் சிவப்பு இருந்தால் இன்னும் 10 நிமிடம் வையுங்கள்.

அடுக்கிய கண்ணாடிப் பாத்திரத்தை முதல் நாள் இரவே ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் ஓவனில் வைத்தேன். படாரென்று வெடித்துவிட்டது.
– வாசகி, சேலம்

சில்லென்றிருந்த கண்ணாடி திடீர்ச் சூட்டைத் தாங்காது. போரோசிலிகேட் என்ற சூடு தாங்கும் வகைக் கண்ணாடி கொஞ்சம் தாங்கும் என்றாலும் அதை நம்பி இறங்காதீர்கள். முன்கூட்டியே அடுக்குவதானால் எஃகு அல்லது அலுமினியத் தட்டில் அடுக்குங்கள், சில்லென்று வைப்பதால் 15 நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். சூடான கண்ணாடியை ஈரக் கல்மேடையில் வைப்பதும் அதே விபத்துதான்.

கொழும்பில் பறங்கியர் (ஐரோப்பிய வம்சாவளியினர்) வீடுகளில் செய்யும் லம்ப்ரைஸை, அதாவது சோறும் கறிகளும் வாழையிலையில் பொதிந்து ஓவனில் வைப்பதை, வீட்டில் செய்யும்போது இலை கருகிப்போகிறது.
– வாசகர், கொழும்பு

வாழையிலையை முதலில் நெருப்பில் காட்டி வாட்டுங்கள். அப்போதுதான் கிழியாமல் மடியும். சாற்றில் வெந்த சோறு, இறைச்சிக் கறி, கத்தரிக்காய் மோஜு (புளிப்பும் இனிப்புமான கத்தரிக்காய்ப் பொரியல்), சீனிச் சம்பல் (இனிப்பு வெங்காயச் சம்பல்), பிளச்சான் (காய்ந்த இறால் சம்பல்), ஃபிரிக்கடெல் (பொரித்த இறைச்சி உருண்டை) எல்லாம் வைத்துக் கட்டியபின், பொதியின் வெளிப்பக்கம் தண்ணீர் தெளித்துத் தட்டில் நெருக்கமாக அடுக்குங்கள். எல்லாம் வெந்தவைதான், இலை மணம் இறங்கினால் போதும். 180 டிகிரியில் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கறியில் குழம்பு ஓடினால் சோறு நசநசக்கும், நன்றாக வற்றவிடுங்கள்.

மிஞ்சியதை மறுநாள் சூடாக்கிச் சாப்பிடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வெந்த பிறகும் பிழைத்திருக்கும். வெளியிலேயே கிடந்தால் அவை பெருகி நச்சு உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே செய்த ஒரு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாவில் பரப்பி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் சோறு விறைத்திருக்கும். ஒரு கிண்ணத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி பால் தெளித்து, மூடி, ஆவி பறக்கும் வரை சூடாக்குங்கள்.