உறையை மாற்றும் முன் எண்ணெயைக் கவனியுங்கள்

கேள்வி: உருளைக்கிழங்கு சிப்ஸ் தயாரிக்கிறோம். சுற்றுச்சூழலைக் காக்க, பிளாஸ்டிக் உறையை விட்டுக் காகிதத்துக்கு மாறலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வெறும் காகிதம் ஈரத்தையும் ஆக்சிஜனையும் தடுக்காது. சிப்ஸ் நமுத்து, சிக்கு வாடை அடித்துக் குப்பைக்குத்தான் போகும். கிழங்கு, எண்ணெய், எரிபொருள் எல்லாம் வீண். பல பொருட்களை அடுக்கி ஒட்டிய உறையை மறுசுழற்சி செய்வது கடினம் என்பது உண்மை. எல்லா அடுக்கும் பாலிபுரொப்பிலீன் என்ற ஒரே வகைப் பிளாஸ்டிக்காக உள்ள உறையைக் கேட்டு வாங்குங்கள். சீல் வெப்பநிலையை அதற்கேற்ப மாற்றாவிட்டால் ஓரம் சுருங்கிக் காற்று புகும்.

பெரிய மிச்சம் எண்ணெயில்தான். சீவல்களில் ஒட்டிய நீரைக் காற்றடித்து அகற்றிவிட்டுப் பொரியுங்கள். எரிபொருளும் குறையும், எண்ணெயும் சீக்கிரம் சிதையாது. சூடு 180 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். அடியில் தங்கும் தூள் கருகி எண்ணெயைக் கெடுக்கும் என்பதால் தினமும் வடிகட்டுங்கள். நுரை அடங்காமல் நின்றால் சோதித்துப் பாருங்கள்: எண்ணெய் சிதையும்போது உருவாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தை நெருங்கினால் மாற்றியே ஆகவேண்டும். கழித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் பயோடீசல் தயாரிப்பவர்களுக்குக் கொடுங்கள்.

சீவல் கழுவிய நீரைத் தொட்டியில் அசையாமல் விட்டால் மாவுச்சத்து அடியில் வெள்ளையாகப் படியும். அதை எடுத்துவிட்டு, மேல்நீரில் அடுத்த கிழங்கின் மண்ணைக் கழுவலாம். அன்றே பயன்படுத்துங்கள், தேங்கினால் புளித்து நாறும்.