பழைய 5¼ அங்குல ஃப்ளாப்பியில் இருப்பதை மடிக்கணினிக்கு எடுத்து, மறுபடி பழைய கணினியிலேயே ஓட்ட முடியுமா?

முடியும். எடுப்பது எளிது, திரும்ப எழுதும்போதுதான் வழுக்கும். நான் வழுக்கி விழுந்தவன்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். யார் எத்தனை கிலோ இலை போட்டார், எவ்வளவு முன்பணம் வாங்கினார் என்பதெல்லாம் ஓர் எக்ஸ்டி (ஐபிஎம்மின் 1980களின் பிசி வகை) கணினியில், 360 கேபி ஃப்ளாப்பிகளில் இருந்தது. கழித்துக் கட்டியபோது கணினியோடு வட்டுகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஐப்பசி மழையில் கம்பளிகூடப் பூஞ்சை பூக்கும் ஊர் இது, வட்டுகள் தப்புமா? நடுத்துளையில் விரல் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். உறையில் உள்ள ஜன்னல் போன்ற திறப்பின் வழியே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். ஒரு வட்டின் பூஞ்சை டிரைவின் தலைமுனையில் (வட்டைப் படித்து எழுதும் பாகம்) ஒட்டி அடுத்த பத்து வட்டுகளையும் கீறிவிடும். உறையின் ஓரத்தை வெட்டி, வட்டை வெளியே எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்துணியால் துடைத்து, வேறொரு சுத்தமான உறைக்குள் செருகுங்கள்.

கடையில் கிடைக்கும் யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் 3½ அங்குலத்துக்கு மட்டும்தான். பழைய 5¼ டிரைவ் ஒன்றும், அதை யுஎஸ்பியில் இணைக்கும் கிரீஸ்வீசில் பலகையும் வேண்டும். கோப்புகளை மட்டும் நகலெடுக்காதீர்கள், கணினியைத் துவக்கும் நிரல் இருக்கும் முதல் பகுதியான பூட் செக்டர் விடுபட்டுவிடும். முழு வட்டையும் இமேஜாக, அதாவது அச்சு அசலாக ஒரே கோப்பாக, எடுங்கள். 40 டிராக் (வட்டில் தகவல் பதியும் வளையம்), 2 பக்கம், டிராக்குக்கு 9 செக்டர் (வளையத்தின் துண்டு), செக்டருக்கு 512 பைட்: இமேஜ் சரியாக 3,68,640 பைட் இருக்க வேண்டும்.

இனி நான் விழுந்த இடம். எனக்குக் கிடைத்தது 1.2 எம்பி வகை 5¼ டிரைவ். அதில் 360 கேபி வட்டுகளை நன்றாகவே படித்தேன். அதே டிரைவில், முன்பு பயன்படுத்திய வட்டொன்றின் மேல் இமேஜைத் திரும்ப எழுதினேன். மடிக்கணினி சரியென்றது, எக்ஸ்டி அடியோடு மறுத்துவிட்டது. 1.2 எம்பி டிரைவ் 80 டிராக் கொண்டது. அதன் தலைமுனை ஏறத்தாழ பாதி அகலம்தான். பழைய கோலத்தை அழிக்காமல் அதன் நடுவில் மெல்லிய இழை இழுத்த மாதிரி. எக்ஸ்டியின் அகலத் தலைமுனை இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்புகிறது. ஒருபோதும் ஃபார்மட் செய்யாத வட்டென்றால் பெரும்பாலும் தப்பிக்கலாம். 1.2 எம்பி வட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அதன் காந்தப் பூச்சே வேறு.

எனக்குக் கைகொடுத்தது சீரியல் கேபிள். யுஎஸ்பி–சீரியல் மாற்றி ஒன்று, நடுவில் இரு கணினிகளை நேராக இணைக்கும் நல்-மோடம் கேபிள், இரு பக்கமும் கோப்பு அனுப்பும் கெர்மிட் நிரல். விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓர் இமேஜ் போய்ச்சேர ஏழெட்டு நிமிடம். எக்ஸ்டியின் ஹார்ட் டிஸ்க்கில் இறங்கியதும், இமேஜை ஃப்ளாப்பியில் எழுதும் ராரைட் நிரல் மூலம் எக்ஸ்டியின் சொந்த டிரைவிலேயே எழுதினேன். முதல் முறையிலேயே படித்தது. நடுவில் மின்சாரம் போனதால் இரண்டாவது இமேஜை மட்டும் மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது.