தேய்ந்த லேத் பெட்: கிரைண்டிங்குக்குக் கொடுப்பதா, கையால் சுரண்டுவதா?

கேள்வி: கோவை கணபதியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பஞ்சாபின் பட்டாலாவில் செய்த பழைய ஆறடி லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று கைமாறி வந்தது. சென்டர் ஹைட், அதாவது பெட் தடத்திலிருந்து சென்டர் வரை உயரம், 200 மி.மீ. ஜாபைப் (கடையும் துண்டை) பிடிக்கும் சக் அருகே கடைந்தால் 150 மி.மீ. நீளத்துக்குள் விட்டம் 0.12 மி.மீ. வரை பெருத்துவிடுகிறது. அந்த இடத்தில் ஆட்டம் இல்லாமல் டூலைத் தாங்கி ஓடும் சேடிலை இறுக்கினால், எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் போகும்போது பிடித்துக்கொள்கிறது. சேடில் ஓடும் தடங்கள் உள்ள பெட்டைக் கிரைண்டிங்குக்குக் கொடு என்கிறார் ஒருவர். ஸ்கிரேப்பர் வைத்துக் கையாலேயே சுரண்டிவிடலாம் என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது? நானே செய்ய முடியுமா?

பதில்: பெட்டைக் கிரைண்டிங்குக்குக் கொடுங்கள். சேடிலையும், அதன்மேல் குறுக்கே ஓடும் கிராஸ் ஸ்லைடையும், ஆட்டத்தைச் சரிசெய்யும் ஜிப் பட்டையையும் நீங்களே கையால் சுரண்டுங்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அளந்து பார்க்கும் வேலை இருக்கிறது. ஸ்கிரேப்பிங் என்றால் உளியைப் பிடித்துத் தள்ளும் வேலை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பகுதி நேரம் அளப்பதிலும் துடைப்பதிலும்தான் போகும். எங்கே மேடு, எவ்வளவு மேடு என்று தெரியாமல் சுரண்டினால், ஓர் இடத்துத் தேய்மானத்தை இன்னோர் இடத்துக்கு மாற்றி வைத்ததாகத்தான் முடியும்.

முதலில் லெவல். பெட் முறுக்கிக்கொண்டு நின்றாலும் டேப்பர் வரும், அதாவது விட்டம் ஒரு முனைக்குப் பெருக்கும். அதைத் தேய்மானம் என்று நினைத்து மெஷினைப் பிரித்துவிடக் கூடாது. கோடு ஒன்றுக்கு மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மெஷின் லெவலை இரவல் வாங்கியாவது கொண்டுவாருங்கள். கொத்தனார் ரசமட்டம் இதற்கு உதவாது. டெயில்ஸ்டாக் ஓடும் தடங்களின் மேல் குறுக்காக, சக் சுழலும் ஹெட்ஸ்டாக் அருகே ஒருமுறை, கடைசி முனையில் ஒருமுறை வையுங்கள். டெயில்ஸ்டாக் சக் பக்கம் அவ்வளவாக வருவதில்லை என்பதால் அந்தத் தடம் அங்கே பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். இரண்டு இடத்திலும் குமிழி ஒரே கோட்டில் நிற்கும்வரை அடிபோல்ட்டுகளைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் 40 அல்லது 50 மி.மீ. ராடு ஒன்றைச் சக்கில் மட்டும் பிடித்து, சென்டர் கொடுக்காமல், சக் அருகே, நடுவில், 200 மி.மீ. தள்ளி என மூன்று இடங்களில் பட்டை விட்டு மற்ற இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக மூன்று பட்டைகளிலும் ஒரே செட்டிங்கில் மெலிதாக ஒரு கட் எடுத்து மைக்ரோமீட்டரால் அளங்கள். வித்தியாசம் ஒரே சீராக ஏறினால் ஹெட்ஸ்டாக் திரும்பியிருக்கிறது அல்லது முறுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. சக் பக்கத்தில் மட்டும் திடீரென்று கூடினால் அது தேய்மானம். இறுக்கினால் டெயில்ஸ்டாக் பக்கம் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்துப் பார்த்தால் உங்கள் மெஷினில் தேய்மானம் நிச்சயம்.

எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று பேப்பரிலேயே கணக்குப் போட்டுவிடலாம். சேடில் நேராகக் கீழே இறங்குவதால் விட்டம் கெடுவதில்லை. 40 மி.மீ. ஜாபில் டூல் 0.1 இறங்கினால் ஆரத்தில் கால் மைக்ரான்கூட (மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) முழுசாக மாறாது. விட்டத்தைக் கெடுப்பது சாய்வுதான். முன்பக்க வி-தடம் பின்தடத்தைவிட அதிகம் தேய்வதால் சேடில் உங்களை நோக்கிச் சாய்கிறது. டூல் முனை தடத்துக்கு 200 மி.மீ. உயரத்தில் இருப்பதால் அது வெளியே நகர்கிறது, ஜாப் பெருக்கிறது. முன் தடத்துக்கும் பின் தடத்துக்கும் இடைவெளி 250 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், முன்பக்கம் 0.1 இறங்கும்போது டூல் 0.08 வெளியே போகும், விட்டம் 0.16 கூடும். உங்களுடைய 0.12-க்கு முன்தடம் சுமார் 0.075 தாழ்ந்திருக்க வேண்டும். சேடிலின் மேல் லெவலைக் குறுக்காக வைத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். 250 மி.மீ. அகலத்துக்கு 0.075 என்றால் மீட்டருக்கு 0.3, அதாவது 15 கோடு. சக் பக்கம் போகும்போது குமிழி அளவுக்கோடுகளை எல்லாம் தாண்டி ஓரத்துக்கே போய்விடும். வி-யின் ஒரு சாய்வு மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் பக்கவாட்டு நகர்வும் இதில் சேர்ந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, 0.075-தானே, கையால் சுரண்டினால் என்ன? இங்கேதான் கணக்கு உதைக்கிறது. பள்ளத்தைச் சுரண்டி நிரப்ப முடியாது. பள்ளத்தின் அடிவரைக்கும் மீதி ஐந்தடியையும் தாழ்த்தியாக வேண்டும். முரட்டுச் சுற்றில் 8, 10 மைக்ரான் போகலாம். பழகாத கைக்கு ஒரு சுற்றுக்கு 3 முதல் 5 மைக்ரான்தான் வரும். அப்படியானால் எல்லாச் சாய்வுகளிலும் ஏறக்குறைய இருபது சுற்று. அதற்குப் பெட் நீளத்துக்கு, நேர் பார்க்கும் ஸ்ட்ரெயிட் எட்ஜ் ஒன்றும் வேண்டும். ஆறடி பெட்டில் 0.03-க்கு மேல் தேய்மானம் இருந்தால் நான் கிரைண்டிங்கைத்தான் சொல்வேன். தடத்தின் ஓரத்தில் அரத்தை ஒருமுறை இழுத்தும் பாருங்கள். கடிக்காமல் வழுக்கினால் அது ஹார்டனிங் செய்த பெட். ஸ்கிரேப்பர் அதில் ஏறவே ஏறாது.

கிரைண்டிங் கொடுக்கும்போது இரண்டு விஷயங்களைப் பேசிவிடுங்கள். பெட்டை வளைத்து இறுக்கிக் கட்டக் கூடாது. அப்படிக் கட்டினால் கல் ஓடும்போது நேராக இருக்கும், அவிழ்த்ததும் பழையபடி வளைந்துகொள்ளும். ரேக் (பல்பட்டை) பூட்டும் முகமும், சக் அருகே தேயாமல் இருக்கும் டெயில்ஸ்டாக் தடமும்தான் மூல அளவு, அவற்றுக்கு இணையாகத்தான் எடுக்க வேண்டும் என்று அடையாளம் போட்டே கொடுங்கள். இன்னொன்றும் உண்டு. 90 டிகிரி வி-யின் இரண்டு சாய்விலும் 0.2 எடுத்தால் சேடில் 0.28 இறங்கும். ஃபிளாட் தடத்தில் 0.2 எடுத்தால் 0.2-தான் இறங்கும். இதைக் கவனிக்காமல் எல்லா இடத்திலும் ஒரே அளவு எடுத்தால் சேடில் புதுச் சாய்வோடு திரும்பிவரும்.

பெட் திரும்பி வந்துவிட்டால் உங்களிடம் ஆறடி நீள மாஸ்டர் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். சேடிலுக்காகத் தனியாக ஸ்ட்ரெயிட் எட்ஜ் வாங்க வேண்டியதில்லை. பெட்டில் ப்ளூ (மேட்டைக் காட்டும் நீலச் சாயம்) பூசிச் சேடிலை அதன்மேல் ஓட்டினாலே போதும். சேடில் அடிப்பாகம் முனைகளில் அதிகம் தேய்ந்து நடு மட்டும் தாங்கி நிற்கும் என்பதால், முதல் ஒன்றிரண்டு சுற்றில் ப்ளூ நடுவில்தான் ஒட்டும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் வரும்.

தரையில் நன்றாகப் பதித்த லேத்துக்கு இவ்வளவு பாடு எதற்கு, சேடிலையும் கிரைண்டிங் செய்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணாடி போன்ற இரண்டு முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால் எண்ணெய் நிற்க இடம் இல்லை. மெதுவான ஃபீடிங்கில் ஒட்டிக்கொண்டும் விட்டும் நகரும். அந்தத் துடிப்பு ஜாபில் தெரியும். சுரண்டிய முகத்தில் பாயிண்டுகளுக்கு (எதிர்முகத்தைத் தொடும் மேட்டுப் புள்ளிகளுக்கு) நடுவே சில மைக்ரான் பள்ளத்தில் எண்ணெய் தங்குகிறது. சேடிலைக் கையால் செய்யச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

ஸ்கிரேப்பருக்குக் கார்பைடு டிப் வாங்குங்கள், 20 முதல் 25 மி.மீ. அகலம். முனை நேராக இல்லாமல் லேசாக வில்போல் வளைந்திருக்க வேண்டும். நேராக இருந்தால் இரண்டு மூலையும் கோடு கிழித்துவிடும். வார்ப்பிரும்புக்கு இருபுறமும் சுமார் 5 டிகிரி மழுங்கலாகச் சாணை பிடிப்பார்கள். கார்பைடு என்பதால் டைமண்ட் வீல் வேண்டும். ப்ளூ விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கோடு கிழிக்கப் பூசுகிற மார்க்கிங் ப்ளூ உலர்ந்துவிடும், அது இதற்கு ஆகாது. உலராத, எண்ணெய்ப் பதமுள்ள பிரஷ்யன் ப்ளூ டியூபைக் கேட்டு வாங்குங்கள்.

ஆரம்பத்தில் ப்ளூ கொஞ்சம் தடிப்பாக இருக்கலாம். வேலை முன்னேற முன்னேற அதை மெலிதாக்க வேண்டும். சேடிலை 50 மி.மீ. அளவுக்குச் சின்னதாக முன்னும் பின்னும் ஓட்டித் திருப்பிப் பாருங்கள். நீலம் ஒட்டிய இடம் எல்லாம் ஒரே உயரம் இல்லை. சுற்றிலும் கருநீல வளையம், நடுவில் நீலம் வழித்துக்கொண்டு போய்ப் பளபளவென்று ஒரு பொட்டு: அதுதான் இருப்பதிலேயே மேடு. வெளிறிய நீலம் மட்டும் இருந்தால் அது இன்னும் தொடாத, தொடப்போகிற இடம். முரட்டுச் சுற்றில் நீலத்தை முழுக்க எடுங்கள். முடிக்கும் சுற்றில் அந்தப் பொட்டை மட்டும் நடுவில் வெட்டி இரண்டாக்குங்கள். ஒரு சுற்று 45 டிகிரி இப்படி என்றால் அடுத்த சுற்று குறுக்கே. இல்லாவிட்டால் அலை விழும். தள்ளுவது மணிக்கட்டு இல்லை. கைப்பிடியை இடுப்போடு அணைத்து உடம்பால் தள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எண்ணெய்க்கல்லை லேசாக ஓட்டிப் பிசிறை எடுத்துவிட்டு, துணியால் துடைத்து, கடைசியாக உள்ளங்கையால் வழித்துவிடுங்கள். துணி விட்டுவிட்ட ஒரு துகளைக் கை கண்டுபிடிக்கும்.

ஒரு அட்டையில் 25 மி.மீ. சதுரம் வெட்டி வைத்து எண்ணுங்கள். சேடிலுக்கு அந்தச் சதுரத்தில் 10 முதல் 15 பாயிண்டுகள் சீராக வந்தால் போதும். 25-க்கு மேல் என்பது சர்ஃபேஸ் பிளேட்டுக்கான தரம், அதன் பின்னால் அலைய வேண்டாம். மேலே அழகுக்காக விடும் பிறைக் குறிகளும் துல்லியத்துக்கு அத்தாட்சி ஆகாது.

வெயிலையும் கவனியுங்கள், தகரக் கூரைப் பட்டறையில் இது பெரிய விஷயம். ஒரு மீட்டர் நீளமும் 100 மி.மீ. உயரமும் உள்ள வார்ப்பிரும்புக் கட்டையின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிட ஒரே ஒரு டிகிரி சூடானால் அது சுமார் 13 மைக்ரான் வளையும். நீங்கள் மூன்று சுற்றில் எடுப்பதை ஒரு வெயில் பட்டை கெடுத்துவிடும். ப்ளூ பூசிப் பொருத்தம் பார்ப்பதைக் காலை நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேடிலில் கைவைக்கும் முன் பழகிக்கொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது. ஜோசப் விட்வொர்த் 1840-இல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில், எமரித் தூளால் தேய்ப்பதை விட்டுச் சுரண்டித்தான் உண்மையான தளத்தை உண்டாக்க வேண்டும் என்று கட்டுரை படித்தார். அவர் சொன்ன மூன்று பிளேட் முறை இன்றும் அப்படியே செல்லும். நம் ஊரில் ஃபவுண்டரிக்குப் பஞ்சமில்லை, 150 மி.மீ. சதுரத்தில் மூன்று வார்ப்புத் துண்டுகள் வாங்கி மில்லிங் செய்துகொள்ளுங்கள். இரண்டு மட்டும் ஒன்றோடொன்று பொருந்தினால் ஒன்று மேடாகவும் மற்றது பள்ளமாகவும் இருந்துவிடலாம். முதல் துண்டுக்கு மற்ற இரண்டையும் பொருத்திவிட்டு, பிறகு அந்த இரண்டையும் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். பிழை இரட்டிப்பாகத் தெரியும்; ஆளுக்குப் பாதி எடுத்து, துண்டை மாற்றி, 90 டிகிரி திருப்பி, மறுபடி தொடங்குங்கள். மூன்றும் எப்படி வைத்தாலும் பொருந்தும் நாளில் உங்கள் கையும் தயார், பட்டறைக்கு மூன்று சின்ன மாஸ்டரும் கிடைத்துவிடும்.

கிரைண்டிங்கில் சேடில் இறங்கியதால் அதன் முன்னால் தொங்கும் ஏப்ரனும் இறங்கி, மரை வெட்ட ஓட்டும் லீட் ஸ்க்ரூவோடு ஏப்ரனில் உள்ள ஹாஃப் நட் பொருந்தாமல் போகும். சேடில் அடியில் டர்சைட் என்ற வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை ஒட்டி உயரத்தை மீட்பதே நல்லது. பட்டைக்கும் பசைக்கும் இடம் கிடைக்கும் அளவுக்கு அடிப்பாகத்தை முதலில் மில்லிங்கில் எடுத்து, ஒட்டிக் காய்ந்ததும் அந்தப் பட்டையையே பெட்டின் ப்ளூவுக்குச் சுரண்டுங்கள். மென்மையான பொருள், சுலபமாக வரும். உளி மட்டும் கூர்மையாக இருக்கட்டும்.

இந்தக் கட்டத்தில் பாயிண்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் மோசம் போவீர்கள். கிராஸ் ஸ்லைடு தடம் பெட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். கிரானைட் மூலைமட்டத்தின் ஒரு பக்கத்தைச் சேடில் ஓட்டத்துக்கு டயல் கேஜால் சீராக்கி, மறுபக்கத்தில் கிராஸ் ஸ்லைடை ஓட்டுங்கள். ஃபேசிங் முகம் நடுவில் பள்ளமாக வரலாம், 300 மி.மீ. விட்டத்துக்கு 0.02 வரை. மேடாக ஒருபோதும் வரக் கூடாது. செங்குத்துக்காகச் சேடிலைத் திருப்ப வேண்டியிருந்தால் வி-யின் எதிரெதிர் மூலைகளில் கூடுதலாக எடுக்க வேண்டும். கிராஸ் ஸ்லைடில் முதலில் படுக்கைத் தளம், பிறகு டவ்டெயில் சாய்வு, கடைசியில் ஜிப். சாய்வுக்கு மட்டும் கோணம் உள்ள சின்ன ஸ்ட்ரெயிட் எட்ஜ் ஒன்று தேவைப்படும்.

ஹெட்ஸ்டாக்கைப் பூட்டியதும் 300 மி.மீ. டெஸ்ட் பார் போட்டு டயல் ஓட்டுங்கள். ஸ்பிண்டிலை 180 டிகிரி திருப்பி இரண்டு அளவின் சராசரியை எடுங்கள். பாரின் வெளிமுனை 0.02 வரை மேலே, 0.015 வரை டூல் பக்கம் இருக்கலாம், எதிர்த் திசையில் கூடாது. ஜாபின் எடையும் கட்டிங்கின் அழுத்தமும் எதிர்ப்பக்கம் தள்ளும் என்பதற்கான முன்னேற்பாடு அது. டெயில்ஸ்டாக் சென்டர் ஹெட்ஸ்டாக்கைவிட 0.04 வரை உயர்ந்திருக்கலாம். தாழ்ந்திருந்தால் அடித்தட்டுக்கும் மேல்பகுதிக்கும் நடுவே ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள்.

சேடிலின் நான்கு மூலையிலும் புது ஃபெல்ட் வைப்பர் போடாமல் மெஷினை ஓட்டாதீர்கள். எமரி பேப்பர் பிடித்துப் பாலிஷ் செய்யும் ஜாப் வந்தால் பெட்டை ஈரத்துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் ஓடிய பிறகு லெவலை மறுபடி வையுங்கள். அடிபோல்ட் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும்.